வாக்குத்தத்தம் எடுக்கவே பயமாக இருக்கிறது: எரேமியா 29:11ஐ எப்படிப் பிடித்துக்கொள்வது?

நாசரேத்தான் | டிசம்பர் 19, இரவு 11.20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கல்யாணத்துக்கு முன்பே திருப்பூர் வந்துவிட்டேன், பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. போன வருடம் டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதி வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டையை எங்கள் குடும்பத்துக்கு எடுத்தபோது எரேமியா 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மகள் பிளஸ் டூ, வீட்டுக் கடன் பாதி முடிந்திருந்தது, சம்பளம் கூடும் என்று பேச்சு.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. எங்கள் கம்பெனிக்குப் பாதிக்கும் மேல் அந்த ஊர் ஆர்டர்தான். சரக்கு வாங்கும் பையர் முதலில் விலையைக் குறைக்கச் சொன்னார், அப்புறம் ஆர்டரை நிறுத்தி வைத்தார், அப்புறம் மெயிலுக்கே பதில் இல்லை. கட்டிங் முடிந்த பீஸ்கள்கூட அப்படியே கிடக்கின்றன. அக்டோபரிலிருந்து பாதிச் சம்பளம். முதலாளி நல்ல மனிதர்தான், "ஜனவரிக்கு அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்கிறார். அந்தக் குரலிலேயே தெரிகிறது.

இன்னும் சில நாளில் மறுபடி வாக்குத்தத்தம் எடுக்கவேண்டும். கை நீட்டவே பயமாக இருக்கிறது. போன வருடத்து வசனம் எனக்குச் சொன்னதுதானா, இல்லை சும்மா ஒரு அட்டையா? ஜெபக்கூட்டத்தில் கேட்டால் "விசுவாசம் பத்தவில்லை" என்கிறார்கள். ஆறுதல் வசனம் அனுப்பவேண்டாம், ஏற்கெனவே போன் நிறைய இருக்கிறது. இப்படி ஒரு காலத்தைத் தாண்டியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு தாண்டினீர்கள், அதைச் சொல்லுங்கள்.

---

அன்பு_ஆமென் | டிசம்பர் 20, காலை 5.48

ஜெபிக்கிறோம் பிரதர். கர்த்தர் இரட்டத்தனையாய்த் தருவார். ஆமென்!

---

விசுவாச_அறிக்கை | டிசம்பர் 20, காலை 7.15

பிரதர், உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். "அந்தக் குரலிலேயே தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எதிரிக்கு வாசலைத் திறந்து கொடுக்கிறீர்கள். மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்று நீதிமொழிகள் 18:21 சொல்கிறது. வசனம் உங்கள் கையில் வந்ததா? வந்தது. அப்படியென்றால் அது உங்களுடையது. தினமும் காலையில் அதைச் சத்தமாக அறிக்கையிடுங்கள்.

நான் சும்மா சொல்லவில்லை. கொரோனா சமயத்தில் எனக்கும் வேலை போனது. ஒரு நாளும் "வேலை போய்விட்டது" என்று என் வாயால் சொல்லவில்லை, "கர்த்தர் புது வாசல் திறக்கிறார்" என்றுதான் சொன்னேன். அந்த வருடமே முந்தையதைவிட நல்ல வேலை கிடைத்தது. சாட்சி.

---

உபதேசியார்_மகன் | டிசம்பர் 20, மதியம் 2.05

தம்பி நாசரேத்தான், நானும் உங்கள் பக்கத்துச் சேகரம் (சபை வட்டாரம்) தான். அப்பா உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையில் வேதம் போதிப்பவராக இருந்தவர். வேதத்தில் எந்த வசனத்தைச் சொன்னாலும் "மேலே ரெண்டு, கீழே ரெண்டு படிச்சியா?" என்று கேட்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜா எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுபோனான். அவர்களுக்குத்தான் எரேமியா எழுதுகிறார்.

இதற்கு முந்தின அதிகாரத்தை யாரும் அட்டையில் போடமாட்டார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருடம், ராஜாவும் வருவார், கோயில் பாத்திரங்களும் வரும், பாபிலோன் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார் என்கிறான். அதற்கு எரேமியா முதலில் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவருக்கும் அப்படி நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. அனனியா சொன்னது பொய் என்று பிறகு தெரிகிறது, அந்த வருடமே அவன் செத்தும் போகிறான்.

இந்தப் பின்னணியில் 29ஐ வாசியுங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். சிறையாக வந்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். அதாவது சத்துரு ஊருக்காக! 10ஆம் வசனத்தில், ஊர் திரும்ப எழுபது வருடம் என்று கணக்கு வருகிறது. அதற்கு அப்புறம்தான் உங்கள் 11ஆம் வசனம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் எருசலேம் ஆசாரியனுக்கு எழுதுகிறான்: இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டவில்லை, நெடுங்காலம் செல்லும், வீடு கட்டுங்கள் என்றல்லவா எங்களுக்கு எழுதியிருக்கிறான் என்று. நாம் இன்றைக்கு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிற வசனம் அன்றைக்கு வாங்கிய பெயர் அது.

வாக்குத்தத்த அட்டையை நான் கேலி செய்யவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொரேவியன் சபையார் 1728இலேயே நாளுக்கு ஒரு வசனம் என்று ஆரம்பித்தார்கள், 1731இலிருந்து சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களைப் புத்தகமாக அச்சடிக்கிறார்கள், இன்னும் நிற்கவில்லை. வசனத்தை எடுப்பதில் தப்பில்லை. எடுத்த வசனத்தைச் சம்பள உயர்வுக் கடிதம்போல வாசிப்பதில்தான் சிக்கல்.

---

நாசரேத்தான் | டிசம்பர் 20, இரவு 10.30

அண்ணே, நன்றி. இதுவரை இந்த அதிகாரத்தை முழுசாக வாசித்ததில்லை, இன்றைக்கு மனைவியும் நானும் உட்கார்ந்து வாசித்தோம். ஆனால் வாசித்தபிறகு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எழுபது வருடம் என்றால் கேட்டவர்களுக்கு அது எதற்கு? பேரன் காலத்து ஆசீர்வாதமா?

---

கேள்விக்குறி | டிசம்பர் 20, இரவு 11.02

இந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எனக்கு விசுவாசம் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து கல்லூரிக் காலத்தில் விலகியவன். சண்டை போட வரவில்லை.

விசுவாச_அறிக்கை சாட்சி சொன்னார். அவருக்கு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. அதே கொரோனாவில் அதே வசனத்தை அறிக்கையிட்டுவிட்டு வேலையும் கிடைக்காமல் போனவர்கள் எந்தச் சபை மேடையில் ஏறினார்கள்? ஏறமாட்டார்கள், ஏற்றவும் மாட்டார்கள். நடந்தவர்கள் கதை மட்டும் காதில் விழுகிறது. நடக்காதவர்களிடம் "உனக்கு விசுவாசம் குறைவு" என்றால் அது ஆறுதலா, அடிமேல் அடியா?

பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்திருப்பார்கள். அவர்களுக்கு எதிர்காலம் என்று எது கிடைத்தது?

---

உபதேசியார்_மகன் | டிசம்பர் 21, மதியம் 1.40

கேள்விக்குறி தம்பி, நீங்கள் சொல்வது சரி, பெரும்பாலோர் அங்கேயேதான் செத்தார்கள். பாபிலோன் பெர்சியர் கையில் விழுந்து, ஊர் திரும்பலாம் என்று பெர்சிய ராஜா கோரேசு கட்டளை கொடுத்தது கி.மு. 538 வாக்கில். எபிரெயர் 11:13 இதை ஒளிக்கவில்லை. ஆபிரகாம், சாராள் கூட்டத்தைப் பற்றி, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

எரேமியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, பட்டணம் விழப்போகிறது என்று சொன்னதற்காகவே இவரைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ, அனாமெயேல் என்று ஒருவன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமிலிருந்து நடக்கிற தூரம், சத்துரு படை நிற்கிற பக்கம். இதைவிட மோசமான ரியல் எஸ்டேட் இருக்கமுடியாது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சி வைத்துப் பத்திரம் எழுதுகிறார், தன் எழுத்தர் பாரூக்கிடம் அதை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார், அநேக நாள் இருக்கும்படி. இந்தத் தேசத்தில் இனியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னார் என்பதற்காக. அந்த நிலத்தில் அவர் ஒரு மரக்கால் தானியம்கூட அறுக்கவில்லை. கடைசியில் ஜனங்கள் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொருவர். டீட்ரிக் பான்ஹாஃபர், ஜெர்மன் போதகர், ஹிட்லரை எதிர்த்தவர். 1939இல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார், அங்கேயே தங்கியிருக்கலாம். ஒருநாள் தற்செயலாக 2 தீமோத்தேயு 4:21ஐ வாசிக்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. அது மனதை விட்டுப் போகவில்லை. ஜூலையில் கப்பலேறித் திரும்பிவிட்டார். வசனம் அவரை ஆபத்துக்குள்ளேதான் கொண்டுபோனது, கவனியுங்கள். 1943 ஜனவரியில் அவருக்கு நிச்சயதார்த்தம், ஏப்ரலில் கைது. ஆகஸ்டில் சிறையிலிருந்து நிச்சயித்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் எரேமியாவின் இதே நில விஷயத்தைச் சொல்லி, நம் கல்யாணமும் அப்படித்தான் என்ற பொருளில் எழுதுகிறார். கல்யாணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள், வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்துவிட்டது.

இதை வாசித்துவிட்டு "அப்படியானால் என்ன பிரயோஜனம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சிலுவைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உயிர்த்தெழுதல் உண்மையென்றால் எரேமியாவின் பத்திரம் இன்னும் செல்லும். உண்மையில்லை என்றால் நாங்கள் பரிதாபமானவர்கள், அதையும் பவுலே 1 கொரிந்தியர் 15இல் ஒத்துக்கொள்கிறார். இதை நிரூபிக்க என்னிடம் ரசீது இல்லை. இதன்மேல்தான் வீடு கட்டியிருக்கிறேன்.

---

கரைமடி | டிசம்பர் 21, இரவு 9.15

நான் கத்தோலிக்கப் பெண், குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். இங்கே பெரும்பாலும் சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபையார் எழுதுகிறீர்கள், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் கரைக்காரர்கள் ஆழ்கடல் தொழில் செய்பவர்கள், போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கூப்பிடு தூரத்தில் இல்லை. என் தம்பி போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

எதிர்காலம் தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று அந்த டிசம்பரில் தெரிந்துகொண்டேன். செத்துவிட்டான் என்று அழவும் முடியாது, இருக்கிறான் என்று சோறு வைக்கவும் முடியாது. லட்சத்தீவில் கரையேறியிருக்கிறார்கள், மகாராஷ்டிராவில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று தினம் ஒரு செய்தி வரும். சில வீட்டுக்கு அது நிஜமானது. எங்கள் வீட்டுக்கு ஆகவில்லை. அப்போது ஒரு சொந்தக்காரி வந்து, "கட்டாயம் வருவான், மாதா எனக்குக் காட்டினார்" என்று சொன்னாள். அம்மா அதை நம்பி வாசலிலேயே இருந்தாள். அந்தச் சொந்தக்காரியை இன்றுவரை என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை. உபதேசியார் மகன் அந்த அனனியாவைப் பற்றி எழுதியதும் அவள் முகம்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது என்ன? யாரும் பிரசங்கம் செய்யவில்லை. கோயில் முற்றத்தில் மதம் பார்க்காமல் கஞ்சி வைத்தார்கள். எங்கள் ஆட்களே படகு எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், பங்குச் சாமிமார்கள் முன்னால் வந்தார்கள். தண்டவாளத்தில் செபமாலை சொன்னோம், கோஷமும் போட்டோம். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. விசுவாசம் இருந்தால் அமைதியாக வீட்டில் இருக்கவேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் கோயிலை விட்டே போயிருப்பேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்களுக்குக் கல்லறை கிடையாது. கடற்கரைக் குருசடியில் (சிலுவை நிற்கும் சிறு கோயில்) ஏற்றுகிறோம். காற்று அணைத்துவிடும், திரும்ப ஏற்றுவோம்.

2025ஐ எங்கள் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது, அதற்கு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று தலைப்பு வைத்தார்கள். வருடம் முழுக்கக் கோயிலில் அதைப் பாடினோம். சில ஞாயிறு பாட வாய் வந்தது, சில ஞாயிறு வரவில்லை. வராதபோது பக்கத்தில் நிற்பவர்கள் பாடுவார்கள், அது போதுமாக இருந்தது. திருப்பாடல் 88ஐ (நீங்கள் சங்கீதம் என்பீர்கள்) ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடைசிவரை இருட்டுதான், ஒரு வெளிச்சமும் இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய தைரியம்.

---

விசுவாச_அறிக்கை | டிசம்பர் 21, இரவு 10.50

கரைமடி அக்கா, உங்கள் தம்பிக்காக இன்றைக்கு வீட்டில் ஜெபித்தோம். நீங்கள் சொன்ன சொந்தக்காரி போல நான் யாருக்கும் இருந்துவிடக்கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இந்த இழையில் எல்லாரும் சேர்ந்து பிரதரைத் தோற்பதற்குத் தயார் பண்ணுவதுபோல எனக்குத் தெரிகிறது. குருடன் பர்திமேயு "எதிர்காலம் கர்த்தர் கையில்" என்று சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஊரே அதட்டியும் கத்தினான். லூக்கா 18இல் விதவை நியாயம் கேட்டு நியாயாதிபதியை விடவே இல்லை. அற்புதம் நடக்கலாம் என்று கேட்கிற உரிமையையும் எடுத்துவிடாதீர்கள். எழுபது வருடம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லையே.

---

உபதேசியார்_மகன் | டிசம்பர் 22, காலை 6.30

இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கேட்கவேண்டும், கத்தியே கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால் கேட்டவன்மேல் பழி போடக்கூடாது, என் வாதம் அவ்வளவுதான். அந்த விதவையை இயேசு புகழ்ந்தது அவள் விடாமல் போய் நின்றதற்காக. "எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது" என்று அவள் வீட்டில் உட்கார்ந்து அறிக்கையிடவில்லை.

---

எஸ்தர்_நர்ஸ் | டிசம்பர் 22, மாலை 4.10

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து முழு இழையையும் வாசித்தேன். பெரியவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறீர்கள், ஆனால் நாசரேத்தான் அண்ணனிடம் யாரும் இன்னும் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். எழுந்ததும் மறுபடி சாப்பாடு. அப்புறம்தான் ஓரேப் மலைக்குப் பயணமும் பேச்சும். வார்டில் இந்த வரிசையை நான் அடிக்கடி நினைப்பேன்.

அண்ணே, தூக்கமில்லாமல் போனால், சாவைப் பற்றி யோசனை வந்தால், டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைச்சல் ஆகாது. மனநல உதவிக்கு டெலி மானஸ் என்று 14416 எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

அடுத்தது வங்கி. தவணை தவறும் முன்பே போய் மேனேஜரைப் பார்த்து, சம்பளம் பாதி என்று கடிதம் கொடுத்து, தவணைக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு. நகை வைக்கவேண்டி வந்தால் வங்கியில் வையுங்கள், வாரவட்டி ஆளிடம் போகவேண்டாம். சபையில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடி வருவார்கள், வேலை போனால் சொல்லமாட்டோம், அதனால் அவர்களுக்கும் தெரியாது.

---

கேள்விக்குறி | டிசம்பர் 22, இரவு 8.00

எனக்கு இன்னும் விசுவாசம் வரவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி, வழக்கமாக "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். நாசரேத்தான், உள்நாட்டு பிராண்டுகளுக்கும் ஐரோப்பிய ஆர்டருக்கும் மெர்ச்சண்டைசர் தேடுகிற இடம் ஒன்றிரண்டு எனக்குத் தெரியும். தனிச்செய்தியில் பயோடேட்டா அனுப்புங்கள்.

---

நாசரேத்தான் | டிசம்பர் 23, இரவு 11.45

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, முடியவில்லை.

கேள்விக்குறிக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டேன். வங்கிக்குப் போனேன், மேனேஜர் சம்பளச் சீட்டு கேட்டிருக்கிறார், முடிவு தெரியாது. கம்பெனியில் நிலைமை அப்படியேதான். தூக்கம் பரவாயில்லை எஸ்தர்.

நேற்று செக்கிங் பிரிவுப் பெண்கள் சிலரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள், ஒடிசா பிள்ளைகள். ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் நின்றார்கள். நானும் இன்னொருவரும் போட்டுக் கொடுத்து, ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டோம். "அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்" வசனம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நமக்கே நாளைக்கு எப்படியோ என்றிருக்கும்போது வேறு யாருக்காவது வேலை செய்தால் கொஞ்ச நேரம் அந்தப் பயம் இல்லாமல் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

விசுவாச_அறிக்கை பிரதர், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், விடவில்லை. 31ஆம் தேதி கோயிலுக்குப் போவோம், அட்டையும் எடுப்போம். எது வந்தாலும் மேலே ரெண்டு, கீழே ரெண்டு வாசிப்பதாக வீட்டில் முடிவு.

இன்னொரு கேள்வி பாக்கி. பாதிச் சம்பளத்தில் தசமபாகம், சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, எப்படி? மல்கியா 3:10ஐச் சொல்லி, நிறுத்தினால் சாபம் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார். மனைவிக்கு அதே யோசனை.

---

உபதேசியார்_மகன் | டிசம்பர் 24, காலை 6.10

பாதிச் சம்பளம் வந்தால் வந்ததில்தான் கணக்கு, வராததற்குக் கிடையாது. 2 கொரிந்தியர் 8:12ஐ மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள்: ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். மாற்கு 7இல் கொர்பான் விஷயத்தையும் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கினவர்களை இயேசு நன்றாகக் கேட்டிருக்கிறார். மகள் படிப்பும் வீட்டுச் சோறும் முதலில்.

---

விசுவாச_அறிக்கை | டிசம்பர் 24, காலை 7.30

தசமபாகத்தில் நான் கறார்தான், எங்கள் பாஸ்டர் கேட்டால் என்னைத் திட்டுவார். ஆனாலும் பிரதர், ஜனவரிவரை குடும்பத்தைப் பாருங்கள். சாபம் என்று சொன்னவரை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

---

கரைமடி | டிசம்பர் 24, மாலை 5.20

அந்த ஒடிசாப் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டீர்களே, அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். திருப்பலிக்கு நேரமாகிறது. எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.